பெட்ரோல் பந்து

திருவாரூர்,
சித்திரை 12.

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல் என்று எப்போதும் போடுகிற வரியை இந்த முறை வழக்கத்துக்காகப் போடவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷர் எதற்குத் தபாலாபீசுக்கு நடக்கிறார் என்று நினைப்பாய். அதில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக் குறி விழுந்துவிடுகிறது. பதிலுக்கு ஒரே ஒரு வரி. "வொர்க் ஜாஸ்திப்பா, அப்புறம் பேசறேன்." ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. நான் எண்ணவில்லை. உங்கம்மாதான் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறாள்.

போன வாரம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாபு பேசினான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் மாமா ஞாபகம் வருகிற பையன். மழை உண்டா, அத்தைக்குக் கண் எப்படி இருக்கிறது என்று எல்லாம் விசாரித்துவிட்டு, "கயல் இன்னும் அதே லேப்லதானே இருக்கா மாமா?" என்றான். ஆமாம் என்றேன். "சரி மாமா" என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை.

தேரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தப் பங்குனியிலும் ஆழித்தேர் ஓடிற்று. 96 அடி, 300 டன் என்று பேப்பரில் வருஷா வருஷம் போடுவதையே போட்டார்கள். எனக்கு இப்போது கூட்டத்தில் நிற்க முடிவதில்லை. கீழவீதியில் நீ மூன்று வயதில் என் தோளில் இருந்து பார்த்த அதே திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு உன் தொப்பி விழுந்து, அதற்காக உங்கம்மா என்னைப் பேசிய பேச்சு இன்னும் அந்தத் திண்ணையில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கை வடத்தில். பின்னால் புல்டோசர் முட்டித் தள்ளுகிறது. "ஆரூரா தியாகேசா" என்று கத்தல். முதல் அசைவு வருகிறவரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. இழுப்பு தளர்ந்தால் தேர் நின்றுவிடுகிறது.

இதைப் பார்த்துத்தான் அரிஸ்டாட்டில் எழுதினார். அவர் பார்த்தது தேரை இல்லை, கப்பலை. பல பேர் சேர்ந்து ஒரு கப்பலை இவ்வளவு தூரம் இழுத்தால், அதில் ஒருவன் தனியாக இழுத்து அவன் பங்கு தூரத்துக்காவது நகர்த்திவிடுவானா? மாட்டான், அசைக்கவே மாட்டான் என்று 'இயற்பியல்' நூலின் ஏழாம் பகுதியில் இருக்கிறது. வடம் பிடித்துப் பார்த்தவன் எழுதியது போலவே இருக்கிறது. அசைகிற பொருளை ஏதோ ஒன்று அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அசைப்பது விட்டால் அசைவும் விட்டது. கல் கீழே விழுகிறதா, மண்ணுக்குச் சொந்த இடம் கீழே. நெருப்பு மேலே போகிறதா, அதன் வீடு மேலே. வீட்டைப் பார்த்துப் போவது இயற்கையான இயக்கம், மற்றதெல்லாம் பலவந்தம். ஆட்டை வீட்டுக்கு ஓட்டுவதற்கும் சந்தைக்கு ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த யாருக்கும் இது விளங்கும்.

நான் 31 வருஷம் வகுப்பில் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "அந்த ஆள் ஒரே ஒரு தடவை இரண்டு கல்லை எடுத்துப் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டாயிரம் வருஷம் மிச்சம்." பையன்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே சொல்வேன். அதற்கு அடுத்து பைசா கோபுரத்தின் உச்சியிலிருந்து கலிலியோ குண்டு போட்ட கதை, கைகால் ஆட்டிக்கொண்டு. அது அவர் சீடர் விவியானி பிற்பாடு எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருவது, கலிலியோ தன் கைப்பட எங்கேயும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை என்று ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 31 பேட்ச் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட முடியுமா?

தேருக்கு வருகிறேன். சின்னத் தாத்தா முட்டுக்கட்டை போட்டவர், அது உனக்கு நான் சொல்லவேண்டாம். அந்த வெள்ளிக் காப்பு கதையும் தெரியும். இப்போது சக்கரத்துக்கு ஹைட்ராலிக் பிரேக்கெல்லாம் வந்துவிட்டது. திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையில் செய்து கொடுத்தது. அந்தக் காலத்தில் கட்டைதான். "இழுக்குறது ஊரு, நிறுத்துறது நாங்க நாலு பேரு" என்பார். ஓட ஆரம்பித்த தேர் இழுக்கிறவன் சொல்லுக்கு நிற்காது, அதற்கு நடுவில் போய்க் கட்டையைச் சொருகுகிறவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். வடம் பிடிக்கிறவனுக்கு அரிஸ்டாட்டில் சரி, முட்டுக்கட்டைக்காரனுக்குக் கலிலியோ சரி. தேர் ஒன்றுதான். நம் வீட்டிலேயே ஒரு முட்டுக்கட்டைக்காரர் இருந்தும் எனக்கு இது இந்த வருஷம், 67 வயதில், திண்ணையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

உனக்கு உடனே சொல்லவேண்டும் என்று போனை எடுத்தேன். நீலக் குறி விழுந்தது.

வைட்டமின் டி மாத்திரை சாப்பிடுகிறாயா? அங்கே வெயில் வந்தாலும் அது நம் வெயில் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

இனிமேல் எழுதுவதை நீ உட்கார்ந்து படிக்கவேண்டும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை. நான் சொல்லவரும்போதே உனக்குத் தெரிந்திருக்கும். மேலே எறியப்பட்ட பந்தின் மீது செயல்படும் விசைகள் யாவை, இரண்டு மதிப்பெண். நீ எழுதினாய்: "கை கொடுத்த விசை பந்துக்குள் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும் பந்து கீழே விழுகிறது." நான் அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். சொந்தப் பெண் என்று பாரபட்சம் காட்டுகிறேன் என யாரும் சொல்லிவிடக்கூடாதே. "பந்துக்குள்ள என்னம்மா, பெட்ரோலா இருக்கு?" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. வருஷம் முடியும்வரை உனக்குப் பெட்ரோல் பந்து என்று பெயர். வீட்டுக்கு வந்து நீ ஒன்றும் பேசவில்லை. ராத்திரி மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த விடைக்கு நான் போட்ட சைபரைப் பற்றி இப்போது சொல்கிறேன். வானத்தில் நட்சத்திரங்களுக்குப் பட்டியல் போட்ட ஹிப்பார்க்கஸ், கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. மேலே எறிந்த பொருளைப் பற்றி அவர் சொன்னது இது: எறிந்தவன் கொடுத்த விசை பாரத்தை மீறி இருக்கும்வரை பொருள் மேலே போகும், அந்த விசை குறையக் குறைய வேகம் குறையும், பிறகு பாரம் ஜெயித்துக் கீழே இறங்கும். அவருடைய நூல் தொலைந்துபோய், சிம்ப்ளிசியஸ் என்பவர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய உரையில் இது எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. நீ எழுதிய மூன்று வரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்னும் கேள். சுமார் 1590-ல், பைசாவில் கணித ஆசிரியராக இருந்தபோது, கலிலியோவே இயக்கத்தைப் பற்றி ஒரு கையெழுத்துப் பிரதி எழுதினார். அதில் அவர் சொல்வதும் இதேதான், பதிந்த விசை மெல்ல மெல்லத் தீர்கிறது என்று. அதை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்து, அது என் கைக்குத் திருத்த வந்திருந்தால் அவருக்கும் சைபர்தான்.

1980-களில் அமெரிக்காவில் மெக்லாஸ்கி என்ற உளவியல்காரர் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார். சுருண்ட குழாயிலிருந்து வெளியே வரும் குண்டு எப்படிப் போகும், வரைந்து காட்டு என்றால், இயற்பியல் படித்தவர்களிலேயே பலர் வளைந்துதான் போகும் என்று வரைந்தார்கள். குழாய் கொடுத்த வளைவு குண்டுக்குள் மிச்சம் இருக்கிறதாம். ஆக மனித மூளைக்கு இயற்கையாகத் தோன்றுகிற வழி அது. நீ மனப்பாடம் பண்ணி எழுதவில்லை, யோசித்து எழுதினாய். மனப்பாடம் பண்ணி எழுதிய முப்பது பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு போட்டேன்.

எறிந்த அம்பு கையை விட்டபின் எதனால் போகிறது என்பதுதான் அரிஸ்டாட்டிலுக்கு வந்த இடைஞ்சல். தள்ளுகிறவன் இல்லையே. காற்று தள்ளுகிறது என்று சமாளித்தார். இதை வாங்கு வாங்கென்று வாங்கியவர் அலெக்சாண்ட்ரியாவில் ஆறாம் நூற்றாண்டில் இருந்த ஃபிலோபோனஸ். காற்றுதான் தள்ளுகிறது என்றால் வில் எதற்கு, நாண் எதற்கு? அம்பை ஒரு குச்சி நுனியில் வைத்து, பின்னாலிருந்து பத்தாயிரம் இயந்திரத்தால் காற்றை அடி, ஒரு முழமாவது நகர்கிறதா பார்ப்போம் என்கிறார். வாத்தியார் என்றால் இப்படி இருக்கவேண்டும். எய்தவன் அம்புக்குள் ஒரு சக்தியை வைத்து அனுப்புகிறான் என்பது அவர் கட்சி. பெட்ரோல்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. கணாதர் பெயரில் உள்ள பழைய தத்துவ நூலான வைசேடிக சூத்திரத்தில் ஐந்தாம் அத்தியாயம். அம்பின் முதல் அசைவு நோதனத்தால், அதாவது தள்ளுவதால். அந்த அசைவு ஒரு சம்ஸ்காரத்தை, அதாவது உள்ளே தங்கும் ஒரு பதிவை, உண்டாக்குகிறது, அதிலிருந்து அடுத்தடுத்த அசைவு. சம்ஸ்காரம் இல்லாமல்போனால் குருத்வத்தால், பாரத்தால், விழுகிறது. மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயத்துக்காரனிடமும் போய்க் கேட்கிற இடத்தில் வைசேடிகனும் ஒருவன் நிற்கிறானே, அந்தக் கூட்டத்தார்தான். இதை வைத்துக்கொண்டு நியூட்டன் விதியை நாமே கண்டுபிடித்தோம் என்று தெருவாசிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுப்புகிறார். அது அது இல்லை ஐயா, நியூட்டனுக்கு அம்பு போவதற்கு உள்ளே ஒன்றும் வேண்டாம் என்று நான் விளக்கப்போய், தேசத்துரோகி ஆகிவிட்டேன். உங்கம்மா என் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். ஆரியபட்டர் 499-ல் எழுதிய படகு உவமையையாவது அனுப்பியிருக்கலாம். முன்னால் போகிற படகில் இருப்பவனுக்குக் கரையில் நிற்பதெல்லாம் பின்னால் போவதாகத் தெரிவதுபோல, அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன. அது நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால் பெரிய விஷயத்தை யார் ஃபார்வர்ட் பண்ணுகிறார்கள்.

பாரிசில் 14-ஆம் நூற்றாண்டில் புரிடான் என்று ஒரு வாத்தியார். இவர்தான் எனக்குப் பிடித்தவர். பம்பரத்தைப் பாருங்கள், சாணைக்கல்லைப் பாருங்கள் என்றார். கையை எடுத்த பிறகும் நெடுநேரம் சுற்றுகிறது, இடம் விட்டு நகரவே இல்லை, பிறகு பின்னாலிருந்து காற்று எங்கே வந்து தள்ளும்? உள்ளே ஏறிய வேகத்துக்கு இம்பெட்டஸ் என்று பெயர் வைத்தார். ஹிப்பார்க்கசும் நீயும் சொன்னதுபோல அது தானாகத் தீர்ந்துபோவதில்லை, எதிர்ப்பும் பாரமும்தான் தின்னுகின்றன என்றார். எதிர்ப்பே இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், வானத்தில் கோள்கள் அப்படித்தான், கடவுள் ஆதியில் ஒரு தள்ளு தள்ளியது போதும் என்றுகூட எழுதிப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைத்தால் நியூட்டன். அந்த ஒரு அடிக்கு முந்நூறு வருஷம் ஆயிற்று. பாரசீக மருத்துவர் இப்னு சீனா புரிடானுக்கும் முன்னூறு வருஷம் முன்பே, வெற்றிடத்தில் எறிந்தால் நிற்காது என்ற இடம்வரை வந்திருந்தார். வந்து, ஆனால் வெற்றிடம் கிடையாது என்று திரும்பிப் போனார்.

ராத்திரி கண் விழிக்காதே. முடியாத கணக்கு காலையில் முடியும்.

உனக்கு இதெல்லாம் தெரியாது என்று எழுதவில்லை. ஃப்ளாரன்சிலிருந்து நீ அனுப்பிய படங்களை இன்னும் வைத்திருக்கிறேன். கண்ணாடிக்குள் கலிலியோவின் விரல். "அப்பா, உங்க ஆளோட விரல்!" என்று எழுதியிருந்தாய். அந்த மியூசியத்தில் மணி கட்டிய சாய்தளத்தையும் வீடியோ எடுத்து அனுப்பினாய். மணிகளுக்கு இடையே இடைவெளி 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகிறது, ஆனால் குண்டு உருளும்போது சத்தம் மட்டும் ஒரே தாளத்தில் கேட்கிறது. அதை அஞ்சல் பெட்டி வாசு சார் முதல் ரேஷன் கடைக்காரர் வரை எல்லோருக்கும் காட்டினேன். எங்க பொண்ணு எடுத்தது என்று. யாருக்கும் புரியவில்லை, எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. பத்து வீடு தள்ளிக்கூட இயற்பியலில் ஆராய்ச்சிக்குப் போன பிள்ளை கிடையாது. ஆனால் அம்மாவுக்கு மாசியில் கண் ஆபரேஷன் ஆன அன்றைக்கு நீ பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாய். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன்.

கலிலியோவின் அப்பா வின்சென்ஸோ வீணை மாதிரி ஒரு வாத்தியம், லூட், வாசித்தவர். நல்ல மண்டை. தந்தியில் நாலு மடங்கு எடை தொங்கவிட்டால்தான் சுருதி இரட்டிக்கும் என்று தொங்கவிட்டுப் பார்த்துச் சொன்னவர். காசு இல்லாத குடும்பம். பையன் டாக்டர் ஆகட்டும் என்று 1581-ல் பைசா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். பையன் 1585-ல் பட்டம் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான். நாலு வருஷம் செலவழித்து, கையில் ஒரு தாள் கூட இல்லாமல். வின்சென்ஸோ வாசலில் நின்று என்ன சொல்லியிருப்பார் என்று நான் இப்போதெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். 1589-ல் அதே பல்கலைக்கழகத்தில், பட்டம் இல்லாமலே, கணிதம் சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்தது. வருஷத்துக்கு 60 ஸ்கூடி நாணயம், சொற்பம். இரண்டு வருஷத்தில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தொலைநோக்கி, வியாழனின் நிலாக்கள், ஒன்றும் பார்க்கவில்லை.

இதை எதற்கு எழுதுகிறார் என்று கேட்காதே. சும்மா, வரலாறு.

1604-ல் கலிலியோ தன் நண்பர் சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழும் பொருளின் வேகம் விழுந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று எழுதுகிறார். தப்பு. நேரத்துக்கு ஏற்ப. அந்தத் தப்பிலிருந்து வெளியே வர அவருக்குப் பல வருஷம் பிடித்தது. 12 முழ நீளக் கட்டையில் வாய்க்கால் போல வெட்டி, உள்ளே வழவழப்பாகத் தோல் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டி, கடிகாரம் இல்லாததால் பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரைத் தராசில் நிறுத்து நேரம் கண்டு, முழுசாக நூறு தடவை செய்தோம் என்று ஒரு புத்தகத்தில் எழுதினார். அந்தப் புத்தகம் 1638-ல் லெய்டனில் அச்சாகிறபோது அவருக்கு 74 வயது. பார்வை போய்விட்டது. வீட்டுக்காவலில் இருக்கிறார்.

அவருக்கு ஒரு பெண். வர்ஜீனியா, மடத்தில் சேர்ந்தபின் மரியா செலஸ்தே. அப்பாவுக்கு அவள் எழுதிய கடிதங்களில் 124 கிடைத்திருக்கின்றன. சட்டைக் காலர் தைத்து அனுப்புகிறேன், எலுமிச்சை ஊறுகாய் மாதிரி ஒன்று போட்டிருக்கிறேன், குடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் நம் வீட்டுச் சமாசாரம். 1633-ல் அவருக்குத் தண்டனை விதித்தபோது, வாரம் ஒரு முறை பாவமன்னிப்புச் சங்கீதங்கள் ஏழையும் படிக்கவேண்டும் என்பதும் அதில் ஒன்று. அதை உங்களுக்குப் பதிலாக நான் படித்துவிடுகிறேன் என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவர் வீடு திரும்பி நாலு மாதத்துக்குள், 1634 ஏப்ரல் 2-ஆம் தேதி, போய்விட்டாள். 33 வயது. அவர் அவளுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்பா எழுதியது காணாமல்போய், பிள்ளை எழுதியது மட்டும் நிற்கிறது.

நம் வீட்டிலும் பிள்ளை எழுதியதுதான் நின்றிருக்கிறது. மாசியில் கரையான் பார்க்கப் பரணில் ஏறினேன். உன் தாத்தாவின் டிரங்குப் பெட்டி. நீ அவரைப் பார்த்ததில்லை. பத்திரங்களுக்கு அடியில், துணி நூலால் கட்டி, நான் 1981-ல் திருச்சியிலிருந்து அவருக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்கள். மொத்தம் ஏழு.

தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததால் அப்பா எம்.ஃபில். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம். உங்கம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தைகளும். நீ பத்தாம் வகுப்பில் "என் தந்தை" கட்டுரையில் அதை எழுதிப் பரிசு வாங்கினாய். நான் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலையில் சேர்ந்தேன். கீழக்காட்டு மூன்று மா நிலத்தை விற்று அனுப்பினார். செப்டம்பரில் விட்டுவிட்டேன். கைடு ஒரு ஆராய்ச்சித் தாளைக் கொடுத்து, படித்துவிட்டு வந்து பேசு என்றார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை, பொறுமையான மனிதர். எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மாவட்டத்தில் பெயர் சொல்லும்படி பாஸானவன் நான். ஒரு திங்கட்கிழமை போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜ் அறை. காலையில் சட்டை இன் பண்ணி, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். லாட்ஜ் பையன் பார்க்கிறானே என்பதற்காக. காவேரிப் பாலத்தைத் தாண்டி அம்மா மண்டபம் படித்துறையில் போய் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். நாலு மாதம். மாதாமாதம் மணியார்டர் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஏழு கடிதத்திலும் ஒரே வாக்கியம் இருக்கிறது: "வேலை அதிகமாக இருப்பதால் விரிவாக எழுத நேரமில்லை."

ஏழு ஞாயிறாக நான் போனில் பார்த்துக்கொண்டிருக்கும் வரி எங்கேயோ படித்ததாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரணில் தெரிந்தது.

இதைவிட ஒன்று இருக்கிறது. எழுதலாமா என்று பேனாவை மூடிவைத்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தை மாதம் தந்தி வந்தது. தாத்தா விழுந்துவிட்டார், உடனே வா. அப்போது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஓடுகிற பொருள் ஓடுவதற்குக் காரணம் தேவையில்லை, நிற்பதற்குத்தான் காரணம் வேண்டும். 1644-ல் தெகார்த் எழுதி, 1687-ல் நியூட்டன் முதல் விதியாக வைத்து, நான் முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டது. எனக்கு நிற்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் தஞ்சாவூர் வரும்வரை, வீட்டில் என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் வாய் கோணி, வலது கை அசையாமல் கிடந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையால் போ, போ, திருச்சிக்குப் போ என்று காட்டினார். நான் இல்லப்பா, உங்களை விட்டுட்டுப் போகமாட்டேன் என்றேன். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்றார்கள். ஆறு வருஷம் அப்படியே கிடந்தார், தன்னால்தான் பையன் படிப்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனார். அந்த நினைப்பை எடுத்துவிட எனக்கு ஆறு வருஷம் இருந்தது, ஒரு வார்த்தை செலவாகியிருக்கும்.

அதனால்தானோ என்னவோ வகுப்பில் தப்பு விடையைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு கோபம் வரும்.

பாபு கேட்டதற்கு நான் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும், உனக்கு மாற்றவேண்டும் என்று தோன்றுகிறவரை. யாரிடமும் எதுவும் விசாரிக்கமாட்டேன். உங்கம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டப் போவதில்லை. தேர் பற்றி எழுதினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் மாவடு போட்டிருக்கிறாள், இந்த வருஷம் காரம் தூக்கல். கொல்லை முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. மேலவீட்டுப் பாட்டி போன வெள்ளிக்கிழமை காலமானார், உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே. யாராவது இருக்கிற இடத்தில் போய்ச் சாப்பிடு. மாத்திரை.

அந்த ஏழில் ஒன்றை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். 1981 அக்டோபர் 14 தேதி போட்டது. ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது, பிரிக்கும்போது பார்த்துப் பிரி. தாத்தா எண்ணி வைத்தது, ஏழும் அந்தக் கட்டில் இருக்கவேண்டும். தபாலில் திருப்பி அனுப்பாதே, தொலைந்துவிடும். கையில் கொண்டுவந்து கொடு.

அப்பா